நாற்பத்தொரு பாடங்களைக் கெடுத்தது ஷாகுல் பாய் அல்ல

செய்தி ஒன்பது விநாடிக் குரல் பதிவாக வந்தது. நம் வாசிப்புக் குழுவின் வாட்சப்பில் யாரும் எதையும் எழுதுவதில்லை. கேட்பவர்கள் பார்வை இல்லாதவர்கள் என்பதால் நல்லது கெட்டது எல்லாமே குரல்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி வாசலில் வருகைக்கு விரல் வைத்துவிட்டுக் கேட்டேன். ஷாகுல் பாயின் மகள் பேசியிருந்தாள். "அத்தா காலைல மௌத்தாயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம். எல்லாரும் துவா செய்யுங்க." அந்தப் பெண் அழவில்லை. நானும் அழவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் இரங்கல் கூட்டம். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். நம் ஒருங்கிணைப்பாளர் சந்தானம் சார் எழுந்து பேசினார். "மனுஷன் தங்கம். அந்த நாற்பத்தொரு பாட விஷயத்துல மட்டும் கொஞ்சம் சறுக்கிட்டார். அது யாருக்குத்தான் நடக்காது? அதை விட்டுடுவோம்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

விட முடியாது. அந்த நாற்பத்தொரு பாடங்களைக் கெடுத்தது ஷாகுல் பாய் அல்ல, நான். இந்த அஞ்சலியை எழுதுகிறேன் என்று கூட்டத்தில் முந்திக்கொண்டு கை தூக்கினேனே, அது இதற்காகத்தான். இதை நானே வாசித்துக் குரலாகவும் குழுவில் போடுகிறேன். கேட்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்றவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது நம் வேலை. நான் வாசிப்பவள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வானகரத்தில் குடியேறியவள். பள்ளிக்கூட நாளில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அள்ளியவள் என்பதால் என் குரலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. கோபமும் மூக்கு நுனியில் உண்டு. ஷாகுல் பாய் என்னைவிட நான்கு வயது சிறியவர். பூந்தமல்லியில் செல்போன் கடை வைத்திருந்தார். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலத்தில், எல்லாரும் நூறு பாட்டு ஏற்றும் கார்டில் முந்நூறு ஏற்றி, கேட்பதற்கும் குறையில்லாமல் கொடுத்தவர் என்று பெயர். அந்தக் கைதான் நம் பாடங்களையும் சின்னதாக்கியது. நம்முடைய கேட்பவர்களிடம் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த போன். அதில் இடம் கிடையாது, நெட்டும் எண்ணி எண்ணித்தான். ஒரு மணி நேரப் பாடத்தை நான் பதிவு செய்த மாதிரியே அனுப்பினால் இரண்டு பாடத்தில் போன் மூச்சு முட்டிவிடும்.

எங்கள் முதல் சண்டை முதல் பாடத்திலேயே வந்தது. வாங்கிய புது மைக்கில், இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி போகும்படி, ஜம்மென்று பதிவு செய்து அனுப்பினேன். அறுநூறு எம்.பி. மறுநாள் பாய் அதைப் பதினான்கு எம்.பி. ஆக்கித் திருப்பி அனுப்பினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, நேரே கடைக்கே போய்விட்டேன். என் குரலை நசுக்கிவிட்டீர்கள், ஸ்டீரியோவை ஏன் எடுத்தீர்கள் என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டேன். அவர் கையிலிருந்த போனைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு வாய் ஒண்ணுதானே மேடம்? ரெண்டு காதுக்கும் ரெண்டு தனியா எதுக்கு?" என்றார். கடையில் நின்றிருந்தவர் சிரித்துவிட்டார். பிறகு இரண்டையும் எனக்கு மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டி, எது பெரியது என்று சொல்லச் சொன்னார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் தப்பாகச் சொன்னேன்.

அதன் பின் வீட்டுக்கே வந்து நான் பதிவு செய்யும் அறையைப் பார்த்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பீரோ கதவைத் திறந்து, உள்ளே தொங்கும் புடவைகளைப் பார்த்து உட்கார்ந்து படிக்கச் சொன்னார். "பொடவ எதிரொலிய உறிஞ்சிக்கும் மேடம். மொதல்ல அழுக்க எடுத்துடணும், அப்புறம்தான் சைஸ கொறைக்கணும். ஃபேன் சத்தத்தையும் சேத்துச் சுருக்குனா, அதுவும் எடத்த எடுத்துக்கினு உங்க பேச்ச கடிச்சிடும்." என் கணவர் கதவோரம் நின்று, பீரோவிடம் பாடம் நடத்தும் மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள் என்றார். பத்து வருஷமாக அந்த பீரோவிடம்தான் வாசிக்கிறேன்.

பாய்க்கு ஒரு பழக்கம். எந்தப் பாடத்தையும் கடையில் கேட்டுச் சரி என்று சொல்ல மாட்டார். சின்னதாக்கிய பதிவை ஒரு மட்டமான போனில் ஏற்றிக்கொண்டு, ஒரு காது மட்டும் வேலை செய்யும் இயர்போனோடு பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் போவார். காஞ்சிபுரம் வண்டி ஒரு பக்கம் உறும, இன்னொரு பக்கம் மெட்ரோ வேலை நடக்க, நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இரட்டை வேகத்தில் கேட்பார். நம் கேட்பவர்கள் சாதாரண வேகத்தில் கேட்பதே இல்லை, எல்லாம் இரட்டை வேகம்தான். அது நமக்கே பல மாதங்களாகத் தெரியாது. வெள்ளானூரிலிருந்து நம்மிடம் பாடம் கேட்ட கலைவாணியின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டு, பாய்தான் அதைக் கண்டுபிடித்து வந்தார். "நம்ம காதுக்கு நல்லாகீதுன்னு அனுப்பிக்கினு இருந்தோம் மேடம். அந்தப் பொண்ணு ஸ்பீடுல கேட்டா, 'ச'வெல்லாம் சீறுது" என்றார். பஸ் நிலையத்தில் ஒரு வார்த்தை நழுவினாலும் அந்தப் பாடத்தைத் திரும்பச் செய்வார்.

அவர் விடாமல் சொன்ன இன்னொன்றும் உண்டு. "பெருசு ஊட்ல இருக்கணும், சிறுசு ஊர் சுத்தட்டும்." மூலப் பதிவைத் தொடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்த சிறிய பிரதியை மட்டும் அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். சிறியதை மறுபடி சிறியதாக்கக் கூடாது. சிறியதிலிருந்து பெரியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. இதை அவர் எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

நான்கு வருஷங்களுக்கு முன் அவர் தங்கை மகளுக்கு வாணியம்பாடியில் நிக்காஹ். ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர், நான் வாசித்த நாற்பத்தொரு பாடங்களின் ஒரே மூலப் பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க்கை, வாசிப்பில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் கேள்வி பதில் பாடங்கள். "கேட்டு மட்டும் வைங்க மேடம். நான் வந்து சின்னது பண்றேன்" என்றார். தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. கலைவாணிக்கு வயது வரம்பில் இன்னும் இரண்டே வாய்ப்பு. தினமும் அவள் போன் செய்து, பாடம் வந்துவிட்டதா அக்கா என்று கேட்டாள். ஒரு கல்யாணத்துக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்று எனக்கு எரிச்சல் வந்தது. வேறென்ன, நானே உட்கார்ந்தேன்.

மென்பொருளில் பேச்சில்லாத இடங்களைத் தானாக நீக்கும் வசதி ஒன்று இருந்தது. ஒரு மணி நேரப் பாடம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. அடேயப்பா, இதைப் போய் இந்த மனிதர் இத்தனை நாள் செய்யாமல் விட்டாரே என்று எனக்குள் பெருமை வேறு. அதைச் சுருக்கினேன். இன்னும் சின்னதாக்கலாமே என்று, சுருக்கியதையே மறுபடியும் சுருக்கினேன். பழைய கோப்பின் மேலேயே எழுதட்டுமா என்று கணினி கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஒரே சொடுக்கு. முப்பது வருஷமாகத் தொழிற்சாலையில் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். நாற்பத்தொன்றையும் அன்றே எல்லாருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பாய் திரும்பி வந்ததும் பஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார். அதே பெஞ்ச். இரண்டு நிமிஷம் கேட்டார், இயர்போனைக் கழற்றினார்.

"மேடம், கேள்வி கேட்டு நாலு செகண்டு உட்டுத்தானே பதில் சொன்னீங்க? அந்த நாலு செகண்டு எங்க?"

"வெட்டிட்டேன். சைஸ் குறையணும்ல?"

"பேசாத எடத்துக்கு வெயிட்டே கெடையாது மேடம். நான் சுருக்குற முறையில அதுக்குன்னு எடமே போவாது. அதப் போயி வெட்டிக்கீறீங்க. அந்த நாலு செகண்டுலதான் அவங்க யோசிப்பாங்க." இயர்போனைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "சரி, பெருசு எங்க கீது?"

"அதுமேலயேதான் எழுதிட்டேன், பாய்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இரண்டு டீ வாங்கி வந்தார், குடித்தோம்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் கலைவாணியைப் போனில் ஸ்பீக்கரில் போட்டார்கள். "கேள்வியும் பதிலும் ஒட்டிக்கினு வருது. நான் யோசிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுது. குரலும் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது. இத வெச்சி நான் எப்படிப் படிக்கிறது?" என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது. சந்தானம் சார் சுற்றிலும் பார்த்து, "யார் பண்ணது இது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கத்தான் போனேன். அப்படித்தான் இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் என் வாயில் கொழுக்கட்டை. பாய்தான் எழுந்தார். "நான்தான் சார். ஊருக்குப் போற அவசரத்துல மாத்தி அமுக்கிட்டு, அதையே அனுப்பச் சொல்லி மேடம் கிட்ட குடுத்துட்டேன்."

உங்களில் சிலர் அன்று அவரைப் பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டோம். மூலப் பதிவுகள் இனி பாயிடம் இருக்க வேண்டாம், பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும் என்று. அந்தப் பொறுப்பான ஒருவர் நான். ஹார்ட் டிஸ்க்கை என்னிடமே கொடுத்தீர்கள். நானும் கைநீட்டி வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவர் மீதே கோபப்பட்டேன்.

"உங்க கோவம் எனக்குத் தெரியாதா மேடம்? நாலு பேரு நாலு வார்த்த கேட்டா, போங்கடான்னு எந்திரிச்சிப் பூடுவீங்க. அப்பால நாப்பத்தொண்ணையும் திரும்பப் படிக்கிறது யாரு? பரிச்சைக்கு அஞ்சு வாரம்கூட இல்ல. நான் திட்டு வாங்கிக்கினு நாளைக்கும் வருவேன், எனக்கு ஒண்ணும் இல்ல. பரிச்ச முடியட்டும். அப்பால நீங்களே எல்லார் கிட்டயும் சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மறுநாளிலிருந்து கம்பெனிக்குக் கிளம்புமுன் தினமும் பீரோ முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பாடம் படித்து அனுப்பினால், மாலைக்குள் பாய் அழுக்கெடுத்து, சுருக்கி, பஸ் நிலையத்தில் கேட்டு, அனுப்பிவிடுவார். தொண்டை கட்டிய நாளிலும் படித்தேன். இருபத்தொன்பது பாடங்களைத்தான் தேர்வுக்குள் முடிக்க முடிந்தது. கலைவாணி சில மதிப்பெண்களில் தவறினாள். முடிக்காத பன்னிரண்டில்தான் அவை போயினவா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பாய் சொதப்பியதால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போயிற்று என்று குழுவில் பேச்சு நிலைத்துவிட்டது. அடுத்த வருஷம், அவளுடைய கடைசி வாய்ப்பில், அவள் தேறினாள். இப்போது ஆவடிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அப்போதும் அந்தப் பேச்சு போகவில்லை.

தேர்வு முடிந்ததும், முடிவு வரட்டும் என்று தள்ளிப்போட்டு, சில மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் சொல்லலாம் என்று போனேன். கலைவாணி தவறிய செய்தி அன்றுதான் வந்தது. இன்று வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவள் தேறிய பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். தேறியதும், நல்ல நாளில் பழையதைக் கிளறுவானேன் என்று பட்டது. காரணத்துக்கா பஞ்சம்? நீங்களும் ஒவ்வொரு முறை வேலை கொடுக்கும்போதும், "பாய், இந்தத் தடவையாவது பாத்துப் பண்ணுங்க" என்று கேலி செய்தீர்கள். "பாத்துத்தான் சார் பண்றேன்" என்று அவரும் சிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட, சொல்லிவிட்டீர்களா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்காததால், அவர் மறந்துவிட்டார் என்று எனக்கு வசதியாக முடிவு செய்துகொண்டேன்.

அவர் இறந்த அன்று, எடுக்கும் முன் பூந்தமல்லியில் அவர் வீட்டில் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி எவ்ளோ பேசுவாங்க தெரியுமா? மேடம் மாதிரி ஒருத்தர் படிக்க மாட்டாங்கன்னு சொல்லிக்கினே இருப்பாங்க" என்றார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வெட்கமாக இருந்தது. துக்கத்தைவிட வெட்கம்தான் அதிகம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அங்கேயாவது சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை.

இதை எழுத உட்காருமுன் கலைவாணிக்குப் போன் செய்தேன். யாருக்குச் சொல்லாவிட்டாலும் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்தை இழந்தவள் அவள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அது எங்களுக்குத் தெரியும்க்கா."

"பாய் சொன்னாரா?"

"அவரு எங்க சொல்லுவாரு? அவரு கை பட்ட பாடத்துல நீங்க மூச்சு இழுக்கிறது இருக்கும். அத மட்டும் அவரு தொடவே மாட்டாரு. எங்களுக்கு அதான்க்கா அடுத்த வரி வருதுன்னு அடையாளம். அந்த நாப்பத்தொண்ணுல ஒரு மூச்சுகூட இல்ல. அவரு பண்ணலன்னு முதல் பாடத்துலயே தெரிஞ்சிபோச்சு. டிஸ்க்கு உங்க கிட்டதான் இருந்துச்சுன்னும் தெரியும்."

"எங்களுக்குன்னா யாருக்கெல்லாம்?"

"கேக்குறவங்க எல்லாருக்கும்."

கண்ணால் பார்க்கிற நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு ஏன் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"கேக்கணும்னுதான் இருந்தேன். எனக்கு உங்க மேல கோவம்கூட இருந்துச்சு. பாய்தான் தடுத்துட்டாரு. மொதல்ல 'நான்தாம்மா பண்ணேன்'னு சாதிச்சாரு. நான் மூச்சு சமாச்சாரத்தச் சொன்னதும் சிரிச்சிட்டாரு. 'உடும்மா, அவங்களே சொல்லுவாங்க, சொல்றேன்னு இருக்காங்க'ன்னாரு. அப்புறம் எப்பக் கேட்டாலும் அதேதான். போன மாசம்கூடக் கேட்டேன்க்கா. 'சொல்லுவாங்க'ன்னாரு."

ஷாகுல் பாயிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று எழுதி முடிக்க வேண்டும். அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது, அது எனக்கு மட்டும் உரியதல்ல. எனக்கென்று இருப்பது ஒரு கெட்ட பெயர். அது என்னுடையது. ஐந்து வாரம் வைத்துக்கொள்கிறேன் என்று எடுத்துப் போனவரை நான்கு வருஷம் வைத்திருக்க விட்டுவிட்டேன். அவர் இருக்கும்போதே போய் வாங்கியிருக்க வேண்டும். இன்று உங்கள் எல்லார் முன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.